நரம்புக் கட்டியும் ரோபோக் கரமும்

உடலில் தோன்றும் கட்டிகள் யாவும் புற்று அல்ல. நரம்பிழைகளுக்கு உறையாய் அமைந்த உயிரணுக்கள் சில உண்டு. ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் அவற்றை 1839-ஆம் ஆண்டில் விவரித்தமையால் ஷ்வான் அணுக்கள் எனப் பெயர் பெற்றன. இவை பெருகி உண்டாகும் கட்டியே ஷ்வானோமா. பெரும்பாலும் தீங்கற்றது, மெல்ல வளர்வது.

அங்ஙனமாயின் அதை அறுப்பானேன்? சிறிய கட்டியை அறுக்காமல் கண்காணித்து வருவதும் உண்டு. தொல்லை, அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. அரிதாக, மலக்குடலுக்குப் பின்னும் முதுகடியிலுள்ள திரிக எலும்புக்கு முன்னுமாக இது தோன்றும். அங்கே இடமிருப்பதால் நெடுநாள் ஓசையின்றி வளரும். பிறகு காலில் வலி, சிறுநீர் கழிப்பதில் தடை என்று தலைகாட்டும். அறுக்கும்போது நரம்பு அறுந்தாலோ, நோயினும் மருந்து கொடிதாகிவிடும்!

இக்கட்டியின் அமைப்பைச் சற்றுக் கவனியுங்கள். அதற்கென ஓர் உறை உண்டு. நரம்பிழைகள் பெரும்பாலும் அவ்வுறையின்மேல் ஒதுங்கிப் படர்ந்திருக்கும். இழையில்லாத இடம் பார்த்து உறையைக் கீறினால், நம் வீடுகளில் ஊறிய மொச்சையைப் பிதுக்குவார்களே, அதுபோலக் கட்டியை மட்டும் வெளிக்கொணரலாம். நியூரோபைப்ரோமா எனும் மற்றொரு கட்டியில் இழைகள் கட்டிக்குள்ளேயே ஊடுருவிச் செல்வதால் இது எளிதன்று.

ஆழமான, குறுகிய இடுப்புக்குழியில் இவ்வேலையைச் செய்யத்தான் ரோபோ உதவுகிறது. இயந்திர மனிதன் கத்தியோடு வருவதாக எண்ண வேண்டா! அமெரிக்க அரசு 2000-இல் பொது அறுவைக்கு ஒப்புதல் அளித்த டா வின்சி கருவி தானாக எதையும் அறுப்பதில்லை. மருத்துவர் அருகே ஒரு மேசையில் அமர்ந்து இயக்குகிறார். சிறு துளைகளின் வழியே சென்ற கருவிகள் அவர் கையசைவைப் பின்பற்றுகின்றன. கைநடுக்கம் வடிகட்டப்படுகிறது, பெரிய அசைவு சிறிதாக்கப்படுகிறது. காட்சியோ முப்பரிமாணத்தில், ஏறத்தாழ 10 மடங்கு பெரிதாக!

குறையும் உண்டு. தொடுவுணர்வு நெடுங்காலம் இல்லை. கண்ணால் கண்டே இழுவிசையைக் கணிக்க வேண்டியிருந்தது. 2024-இல் ஒப்புதல் பெற்ற டா வின்சி 5-இல்தான் விசையை உணரும் வசதி வந்தது. எலும்பைக் குடைந்து வளர்ந்த பெருங்கட்டிக்குத் திறந்த அறுவை தேவைப்படலாம். நோய் அரிதாகையால் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளுக்கு வழியில்லை. ஆகவே ரோபோவே மேல் என்று முழங்குவோரை நான் நம்பேன்.

எடுத்த கட்டி நுண்ணோக்கியின்கீழ்ச் சோதிக்கப்படும். அணுக்கள் செறிந்த பகுதி ஆன்டனி ஏ; தளர்ந்த பகுதி ஆன்டனி பி. 1920-இல் இப்பாகுபாட்டைச் செய்தவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நில்ஸ் ஆன்டனி.