‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்துவது யார்?
புதிய தொலைக்காட்சியை வைத்து எட்டாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளைகள்

புதிய ஸ்மார்ட் தொலைக்காட்சி ஒரு வீட்டுக்கு வந்தால், அதைச் சுவரில் மாட்டிப் படம் தெரிகிறதா என்று காட்டுவதோடு கடையிலிருந்து வந்தவரின் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வரும். எந்த மொழி, எந்த நாடு, வைஃபை கடவுச்சொல் என்ன, யாருடைய மின்னஞ்சல், இந்த நிபந்தனைகளை ஏற்கிறீர்களா, குரல் பதிவுக்கு இசைகிறீர்களா? பல வீடுகளில் இவற்றுக்கு விடை சொல்பவர் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. “நீயே போடு, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்” என்று ரிமோட்டை வாங்கிக்கொள்வது நம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான்.

அந்தப் பிள்ளைக்குப் பொத்தான்கள் தெரியும். என்ன ஒப்புக்கொள்கிறோம் என்பது தெரியுமா? பத்து நிமிடத்தில் ஒரு குடும்பம் முழுவதற்குமாக ஐந்தாறு முடிவுகளைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை எடுத்துவிடுகிறது. இதை வகுப்பறைக்குள் கொண்டுவர ஒரு கணிதப் பாடவேளையும் ஒரு தமிழ்ப் பாடவேளையும் போதும். தேவையான பொருள்கள்: ஒரு பழைய தொலைக்காட்சி அட்டைப்பெட்டி (ஊரில் உள்ள எந்த மின்சாதனக் கடையிலும் கேட்டால் கொடுப்பார்கள்), அளவு நாடா, கொஞ்சம் நூல், துளையிட்ட ஓர் அட்டை.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். “யார் யார் வீட்டில் என்ன டிவி இருக்கிறது?” என்று கேட்டு வகுப்பைத் தொடங்க வேண்டாம். தொலைக்காட்சியே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும், கடன் தவணை கட்டும் வீட்டுப் பிள்ளைகளும் நம் முன்னே இருப்பார்கள். அட்டைப்பெட்டியோ பள்ளியிலுள்ள திரையோ எல்லோருக்கும் பொதுவானது. வகுப்பு அதைச் சுற்றியே நடக்கட்டும்.

முதல் பாடவேளை: பெட்டியின் மேல் எழுதியிருப்பது

பெட்டியின் பக்கவாட்டில் “108 செ.மீ. (43 அங்குலம்)” என்பதுபோல் அச்சிட்டிருக்கும். ஓர் அங்குலம் 2.54 செ.மீ. என்பது மாணவர்கள் அறிந்ததே. பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 43 × 2.54 = 109.22. பெட்டியில் 108தானே இருக்கிறது? 32 அங்குலப் பெட்டியில் 80 செ.மீ. என்று இருக்கும், பெருக்கினால் 81.28 வரும். யார் தவறு செய்தார்கள் என்று வகுப்பே கொஞ்ச நேரம் சண்டையிடட்டும். திருப்பிப் போட்டு 108ஐ 2.54ஆல் வகுத்தால் சுமார் 42.5 வரும், 80ஐ வகுத்தால் 31.5. அதாவது செ.மீ. எண்தான் திரையின் அளவு. 43, 32 என்பவை கடையில் வழங்கும் வகைப் பெயர்கள்; அரை அங்குலம் மேலே தள்ளிச் சொல்லப்படுபவை. பெட்டியில் எழுதியிருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே நம்புவது என்ற பழக்கம் இங்கேயே தொடங்கிவிடும். அடுத்த பாடவேளைக்கு அது தேவை.

இந்த அளவு திரையின் அகலம் அல்ல, மூலைவிட்டம். நூலைப் பிடித்து அளக்கும்போது சட்டத்தை விட்டுவிட்டுப் படம் தெரியும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். இனி பிதாகரஸ் தேற்றம் தானாக வந்து நிற்கும். 2006இல் தொடங்கி நம் மாநிலத்தில் அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி பல மாணவர்களின் தாத்தா பாட்டி வீட்டில் இருந்திருக்கும். அந்தக் காலத் திரைகளின் அகலமும் உயரமும் 4:3 விகிதத்தில் இருந்தன. மூலைவிட்டம் 5. முழு எண்களில் அமைந்த 3, 4, 5 முக்கோணம் ஒவ்வொரு வீட்டு முன்னறையிலும் உட்கார்ந்திருந்தது! 14ஐ 5ஆல் வகுத்தால் 2.8, எனவே அகலம் 11.2 அங்குலம், உயரம் 8.4 அங்குலம். இன்றைய திரைகள் 16:9. 256 + 81 = 337; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 18.36. அத்தனை அழகாக வராது. ஆனாலும் 43 அங்குலத் திரைக்கு அகலம் 37.5, உயரம் 21.1 அங்குலம் என்று கண்டுபிடித்துவிடலாம். 32 அங்குலத்துக்கு 27.9, 15.7. இரண்டின் பரப்பளவையும் காணச் சொல்லுங்கள். 438 சதுர அங்குலம் எங்கே, 791 எங்கே! மூலைவிட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்குப் பரப்பு 1.8 மடங்கு ஆகிவிட்டது.

மின்சாரக் கணக்கை விரைவாக முடித்துவிடலாம். 80 வாட் தொலைக்காட்சி நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 24 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் செலவாகும் வீட்டில் அது ஏறத்தாழ கால்பங்கு. முதல் அமைப்பின்போது பல தொலைக்காட்சிகள் “வீடா, கடையா?” என்று கேட்கும். கடை என்று தெரியாமல் அழுத்திவிட்டால், கடை விளக்கொளியில் பளிச்சென்று தெரிவதற்கான பிரகாசத்தில் திரை ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கும் மின்கட்டணத்துக்கும் கேடு.

கொஞ்சம் நிதானிக்க வேண்டியது இணையக் கணக்கில்தான். நம் ஊர்களில் வீட்டுக்குத் தனி இணைய இணைப்பு இல்லாதவர்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்தே தொலைக்காட்சியை ஓட்டுகிறார்கள். நாளுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். கைபேசியின் சின்னத் திரையில் அது நாள் முழுவதும் தாங்குகிறது. தெளிவான முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் தேவைப்பட்டால், பெரிய திரையில் எவ்வளவு நேரம் தாங்கும்? இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வேகத்தைச் சொல்லும்போது பிட். அளவைச் சொல்லும்போது பைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 1.5 ஜிபி என்பது 1,500 மெகாபைட், அதாவது 12,000 மெகாபிட். 5ஆல் வகுத்தால் 2,400 நொடி. நாற்பதே நிமிடம். அதற்குள் அப்பாவின் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அவருக்கு வர வேண்டிய வேலைச் செய்தியும் வாட்ஸ்அப்பில் நின்றுபோகும். படத்தின் தரத்தை 480க்குக் குறைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை வீட்டுக்கணக்காகக் கொடுக்கலாம்.

இரண்டாம் பாடவேளை: திரை நம்மைப் பார்க்கிறது

இந்தப் பாடவேளையைத் தமிழாசிரியர் எடுப்பதே சிறப்பு என்று கருதுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும். முதலில் ஒரு விளையாட்டு.

பாடநூல் பக்க அளவுள்ள ஓர் அட்டையில் ஆங்காங்கே ஆறு சிறு துளைகள் இடுங்கள். வண்ணப் படங்கள் உள்ள பத்துப் பக்கங்களை ஒரு குழு தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அட்டையை வைத்து, துளைகளில் தெரியும் நிறங்களை வரிசையாக எழுதிப் பட்டியல் தயாரிக்கட்டும்: பச்சை, வெள்ளை, வெள்ளை, நீலம், கறுப்பு, வெள்ளை என்பதுபோல. பட்டியல் கரும்பலகையில் இருக்கட்டும். இப்போது இன்னொரு குழு அந்தப் பத்தில் ஏதாவது ஒரு பக்கத்தை மறைவாகத் திறந்து, அட்டையை வைத்து, ஆறு நிறங்களை மட்டும் உரக்கப் படிக்க வேண்டும். முதல் குழு பக்க எண்ணைச் சொல்லிவிடும். ஆறே புள்ளிகள்தான் தெரிந்தன. ஆனாலும் முழுப் பக்கமும் பிடிபட்டுவிட்டது. கைரேகையில் சில கோடுகளை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுபோல.

ஸ்மார்ட் தொலைக்காட்சிகளில் இதே வேலையைச் செய்யும் ஒரு தொழில்நுட்பம் உண்டு. திரையில் ஓடும் படத்திலிருந்து சில புள்ளிகளை அவ்வப்போது எடுத்து, நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பி, அங்குள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இந்த நேரத்தில் இந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்று அறிந்துகொள்வது. தொலைக்காட்சிக்குள் உள்ள செயலிகளில் பார்ப்பதை மட்டுமல்ல, கேபிள் பெட்டி வழியாக வருவதையும் இதனால் அறிய முடியும். படம் எப்படி வந்தாலும் கடைசியில் திரையில்தானே தெரிந்தாக வேண்டும்? சாம்சங்கில் ‘வியூயிங் இன்பர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’, சோனியின் சில மாதிரிகளில் ‘சம்பா’ என்ற பெயர்களில் இது வந்திருக்கிறது. அமெரிக்காவில் விசியோ என்ற நிறுவனம் ஒரு கோடியே 10 லட்சம் தொலைக்காட்சிகளில் மக்களிடம் சரியாகச் சொல்லாமல் இப்படித் தகவல் திரட்டியதாக அந்நாட்டு வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை நிறுவனம் முடித்துக்கொண்டது.

“நாங்கள் சீரியலும் கிரிக்கெட்டும்தான் பார்க்கிறோம், தெரிந்தால் என்ன?” என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். நல்ல கேள்வி. அதை அடக்கிவிட வேண்டாம். ஒரு கற்பனை வீட்டின் ஒரு வாரப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுங்கள்: காலை 5 மணிக்குப் பக்திப் பாடல், பகல் முழுவதும் எதுவும் இல்லை, மாலை 4.30க்குக் கார்ட்டூன், இரவு 9க்கு ஒரு கட்சி சார்ந்த செய்தி, 11 மணிக்கு முழங்கால் வலி பற்றிய காணொலி. இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது வீடு பூட்டியிருக்கும், பள்ளியிலிருந்து வரும் பிள்ளை எத்தனை மணி வரை தனியாக இருக்கிறது, யாருக்கு உடல்நலம் இல்லை? வகுப்பு இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். அதன் பிறகு நாம் எதுவும் சொல்லத் தேவையில்லை. பயமுறுத்தவும் கூடாது. பார்த்ததை வைத்து அடுத்து பார்க்கத் தக்கதைப் பரிந்துரைப்பதும் இதே தகவலால்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேவையா இல்லையா என்பது வீட்டார் முடிவு.

இப்போது மொழிக்கு வருவோம். அமைப்புத் திரையில் சில தொலைக்காட்சிகள் தமிழ் பேசும். நிபந்தனைகளின் நீண்ட வாசகம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிற்கும். தமிழில் வந்தாலும் அது புரிகிற தமிழா என்பது வேறு. வகுப்புக்காக நான் எழுதிய மாதிரி வாசகம் இது:

“உங்கள் பார்வை அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு, தாங்கள் காணும் உள்ளடக்கம் குறித்த தகவல்கள் எங்களாலும் எங்கள் கூட்டாளிகளாலும் சேகரிக்கப்பட்டுப் பயன்படுத்தப்படலாம் என்பதற்கு இசைவு தெரிவிக்கப்படுகிறது.”

செயப்பாட்டு வினையை மாணவர்கள் படித்திருக்கிறார்கள். இதைச் செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள். உடனே எழுவாய் தேவைப்படும். சேகரிப்பது யார்? ‘கூட்டாளிகள்’ எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன? இசைவு தெரிவிப்பது யார்? ‘மேம்படுத்த’ என்பது யாருக்கு? எழுவாயை மறைத்துவைப்பதற்குச் செயப்பாட்டு வினை எவ்வளவு வசதியானது என்பதை இலக்கண நூலைவிட இந்த ஒரு வாக்கியம் நன்றாகக் கற்றுக்கொடுக்கும். மாணவர்கள் எழுதிவரும் விடைகள் ஏறத்தாழ இப்படி அமையும்: “நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று நாங்கள் குறித்துக்கொள்வோம். விளம்பரம் கொடுப்பவர்களுக்கும் சொல்வோம். சரியா?” பாட்டிக்கும் புரியும் மூன்று வாக்கியங்கள். இதுதான் இந்தப் பாடத்தின் கற்றல் விளைவு.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆசிரியர்கள் அறிய வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. இசைவு கேட்கும் நிறுவனம் அதை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள ஏதேனும் ஒரு மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும்; தமிழும் அந்த அட்டவணையில் இருக்கிறது. இன்னொன்று, 18 வயது நிறையாதவர் இச்சட்டத்தின்படி குழந்தை. குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும். ஆக, ரிமோட்டை வைத்திருக்கும் எட்டாம் வகுப்பு மாணவி தன் பெயரில்கூட ‘ஏற்கிறேன்’ சொல்ல முடியாது. ஆனால் திரைக்கு முன்னே அவள்தான் நிற்கிறாள். இந்த முரணை வகுப்பில் மறைக்க வேண்டாம்.

நடைமுறையில் அவள் செய்யக்கூடியது இது. ஒவ்வொரு கேள்வித் திரையிலும் நின்று, பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தமிழில் சொல்லிவிட்டு, அவர் சொல்வதை அழுத்துவது. பயன்பாட்டு விதிகளை ஏற்காமல் இணைய வசதிகள் திறக்காமல் போகலாம். ஆனால் பார்வைத் தகவல், விளம்பரத் தனிப்பயன், குரல் பதிவு ஆகியவை பெரும்பாலும் தனித்தனிக் கட்டங்களாகவே இருக்கும். அவற்றை விட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போகலாம். ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்பது மட்டும் பெரிய எழுத்தில் பளிச்சென்று இருக்கும். முன்பே அழுத்திவிட்டவர்களும் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மாற்றலாம். கூகுள் டிவியில் இணையமே வேண்டாம் என்பவர்களுக்கு அடிப்படைத் தொலைக்காட்சி என்ற வழியும் உண்டு. கேபிள் மட்டும் பார்க்கும் தாத்தா வீட்டுக்கு அதுவே போதும். அப்பாவின் கணக்கில் நுழைந்திருந்தால், பணம் செலுத்தும் இடத்துக்குக் கடவு எண் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும். தம்பிக்குக் குழந்தைகள் பக்கம் தனியாக அமைத்துக் கொடுக்கலாம்.

வீட்டுப்பணி கொடுக்கும்போது திரையைப் படம் எடுத்து வரச் சொல்லாதீர்கள். அதில் மின்னஞ்சல் முகவரியும் வைஃபை பெயரும் சேர்ந்து வந்துவிடும். “எத்தனை இடத்தில் இசைவு கேட்டது? எத்தனையில் ‘வேண்டாம்’ என்ற வழி இருந்தது?” என்ற இரண்டு எண்கள் போதும். வீட்டில் தொலைக்காட்சி இல்லாத மாணவர்கள் பள்ளித் திரையில் அல்லது ஏதேனும் ஒரு கைபேசிச் செயலியில் எண்ணட்டும்.

பள்ளித் திரை என்றதும் நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. வகுப்பறையின் திறன் தொலைக்காட்சியில் அவசரத்துக்கு யாராவது ஓர் ஆசிரியர் தம் சொந்தக் கணக்கைப் போட்டு யூடியூபைத் திறப்பதும், அது அப்படியே பல மாதம் இருந்துவிடுவதும் பல பள்ளிகளில் நடக்கிறது. ஒளிச்சேர்க்கைக் காணொலி முடிந்ததும் அவர் நேற்று இரவு தேடியவை நாற்பது பிள்ளைகளின் முன்னே வரிசையாக வந்து நிற்கும். பிள்ளைகள் பார்த்தவை அவருடைய கைபேசியில் பரிந்துரையாக வரும். இரண்டாம் பாடவேளை முடியும்போது மாணவர் இருவரை அழைத்து, அந்தத் திரையின் அமைப்புகளைத் திறந்து, எந்தக் கணக்கு இருக்கிறது, எந்த இசைவுகள் இயங்குகின்றன என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு உங்களுடையதாக இருந்தால், வெளியேறும் பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.