வெள்ளாடு குட்டி ஈனும் வேளையும் அதன் பின்னரும்

2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு வெள்ளாடுகளின் தொகை ஏறத்தாழ 14 கோடியே 89 இலட்சமாகும். இவற்றுள் பெரும்பாலானவை சிறு விவசாயிகளிடத்தும் நிலமற்ற தொழிலாளரிடத்தும், வீட்டிற்கு இரண்டு மூன்று என்ற அளவில் வளர்ந்து வருகின்றன. அத்தகைய வீட்டில் இரட்டைக் குட்டிகளுள் ஒன்று இறந்துபடின், அந்த ஈற்றின் பயனில் பாதி போயிற்று என்றே கொள்ள வேண்டும். குட்டிகளுக்கு மிகவும் ஆபத்தான காலம் பிறந்த முதற் சில நாட்களே. அந்நாட்களில் நேரும் இழப்பில் பெரும் பகுதியைத் தடுப்பதற்கு விலையுயர்ந்த மருந்துகள் தேவையில்லை. உலர்ந்த வைக்கோலும், சிறிது டிங்க்சர் அயோடினும், தக்க நேரத்தில் சீம்பாலும் இருந்தாற் போதும்.

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். ஐந்து நாட்கள் முன்பின் ஆவதுண்டு. கருவிலிருக்கும் குட்டியின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் கடைசி ஆறு வாரங்களிலேயே கூடுகிறது. ஆயினும் அப்பொழுதுதான் வளர்ந்த கருப்பை இரைப்பையை நெருக்குவதால், தாய் ஒரே வேளையில் மிகுதியாகத் தின்ன இயலாது. ஆகவே நல்ல பசுந்தழையுடன் தானியமும் பிண்ணாக்கும் கலந்த தீவனத்தைச் சிறுகச் சிறுகப் பல வேளைகளில் கொடுத்தல் வேண்டும். பால் கறக்கும் ஆடாயின் இதற்கு முன்பே கறவையை நிறுத்திவிடுவது முறை. ஈனுவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன் துள்ளுமாரி நோய்க்குரிய தடுப்பூசி போடப்பட்டால், அதனால் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி சீம்பாலின் வழியே குட்டிக்கும் கிட்டும்.

ஈனும் நாள் நெருங்குகையில் மடி பருத்து இறுகும். வால் அடியின் இருபுறமும் கயிறுபோல் விறைப்பாக இருந்த தசைநார்கள் தளர்ந்து விரலுக்கு அகப்படாமற் போகும். இவ்வடையாளம் தோன்றினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி பிறக்கும். ஆட்டை மந்தையோடு அனுப்பாமல், சுமார் ஐந்தடிச் சதுரமுள்ள, காற்றுத் தாக்காத, உலர்ந்த இடத்தில் வைக்கோல் பரப்பி விடுதல் வேண்டும். அது அமைதியின்றிக் காலால் தரையைச் சீய்ப்பதும், படுப்பதும் எழுவதும், கத்துவதும் இயல்பே. இந்நிலை பல மணி நேரம் நீடிக்கக்கூடும். அதுவரை தொலைவில் நின்று பார்த்திருப்பதே சிறந்த உதவியாகும்.

பனிக்குடம் தோன்றியபின், முன்னங்கால்கள் இரண்டும் அவற்றின்மேல் படிந்த மூக்குமாகக் குட்டி வெளிவருவது நேரிய முறை. பின்னங்கால்கள் இரண்டும் முதலில் வருதலும் பெரும்பாலும் இடையூறின்றி முடியும். தலை மட்டும் வந்து கால்கள் வராதிருத்தல், ஒரு கால் மட்டும் தோன்றுதல், வால் மட்டும் தென்படுதல் ஆகியவை பிழையான நிலைகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், அல்லது அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி சிறிதும் முன்னேறாவிட்டாலும், கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். பல மாநிலங்களில் 1962 என்ற தொலைபேசி எண் இதற்கு உதவும். நான்கு பேர் கூடி வலிந்து இழுப்பது தாயின் கருப்பையைக் கிழிப்பதில் முடியும்.

குட்டி விழுந்தவுடன் அதன் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்தல் வேண்டும். மூச்சு விடாவிடின் மூக்கினுள் ஒரு வைக்கோல் துரும்பால் மெல்லத் தூண்டி, விலாப்புறத்தை உலர்ந்த துணியால் நன்கு தேய்க்கலாம். பின்னர் குட்டியைத் தாயின் முகத்தருகே வைத்துவிட வேண்டும். தாய் நக்குவதால் குட்டி உலர்கிறது என்பது மட்டுமன்று. அதன் மணத்தைத் தாய் அப்போதே அறிந்துகொள்கிறது. அமெரிக்காவில் பீட்டர் கிளாப்ஃபர் என்னும் விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியோரும் செய்து 1964இல் வெளியிட்ட பரிசோதனையில், ஈன்றவுடன் ஐந்து நிமிடம் மட்டுமே குட்டியோடிருந்த தாயாடுகள், பிரித்துச் சில மணி நேரம் கழித்து விட்டபோதும் அதனை ஏற்றன. அந்த ஐந்து நிமிடமும் கிட்டாத தாய்களோ பெரும்பாலும் தம் குட்டிகளையே முட்டித் தள்ளின. ஆதலால், சுத்தம் கருதிக் குட்டியை உடனே எடுத்துச் சென்று நீராட்டும் பழக்கம் இருவகையில் தீங்கானது: அது குட்டியைக் குளிரச் செய்கிறது, தாய்க்கும் அந்நியமாக்குகிறது.

தொப்புள்கொடி நீண்டிருந்தால் உடலிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி நறுக்கி, முனை முழுவதும் டிங்க்சர் அயோடினில் தோய்த்துவிட வேண்டும். சாணமும் சாம்பலும் அப்புதல் கூடாது.

இனிச் சீம்பாலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம். மனிதக் குழந்தை கருவிலிருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுக்கொள்கிறது. வெள்ளாட்டின் நஞ்சுக்கொடியோ அமைப்பில் வேறானது. அப்பொருள்களை அது குட்டிக்குக் கடத்துவதில்லை. ஆகவே குட்டி எவ்விதப் பாதுகாப்புமின்றிப் பிறக்கிறது. சீம்பாலில் அப்பொருள்கள் செறிந்துள்ளன. பிறந்த குட்டியின் குடல் அவற்றைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்தில் சேர்க்க வல்லது. ஆனால் இந்த வழி பிறந்த நேரத்திலிருந்தே அடைபட்டுக்கொண்டு வந்து, சுமார் 24 மணி நேரத்தில் முற்றும் மூடிவிடுகிறது. மறுநாள் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது உணவாகுமே யன்றிக் காப்பாகாது.

இதை அறியாமையால், நஞ்சுக்கொடி விழும்வரை குட்டியைப் பால் குடிக்க விடலாகாது என்ற வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் நிலவுகிறது. சீம்பால் கெட்டியாக மஞ்சள் நிறத்தில் இருப்பதைக் கண்டு, அது செரிக்காது எனப் பீய்ச்சிக் கொட்டுவோரும் உளர். உண்மை இதற்கு நேர் எதிரானது. குட்டி மடியைச் சுவைக்கும்போது தாயின் உடலில் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்புநீர் வெளிப்படுகிறது. அது பாலை இறங்கச் செய்வதோடு கருப்பையையும் சுருங்கச் செய்து, கொடி கழல உதவுகிறது. ஆகவே கொடி விழவில்லையே எனக் கவலைப்படுவோரிடம், குட்டியைக் குடிக்க விடுவதே அதற்கு உதவும் என்று களப்பணியாளர் எடுத்துரைத்தால் நன்கு பயன்படும். வழக்கத்தை வெறுமனே மறுப்பதைவிட, அவர்கள் விரும்பும் பயனைக் காட்டி மாற்றுவது எளிது.

காம்பின் துளையை மெழுகுபோன்ற ஒரு பொருள் அடைத்திருக்கும். இரண்டொரு முறை பீய்ச்சி அதனை நீக்கியபின், முதல் ஒரு மணி நேரத்திற்குள் குட்டியைக் குடிக்கச் செய்க. முதல் வேளைக்கு எடையில் கிலோவிற்கு 50 மில்லிலிட்டரும், ஒரு நாளில் மொத்தம் 150 முதல் 200 மில்லிலிட்டரும் செல்லுதல் நன்று. 1 கிலோ 200 கிராம் எடையுள்ள கறுப்பு வங்காளக் குட்டிக்கு முதல் வேளையில் வேண்டியது 60 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறு தேநீர்க் குவளையளவே. இவ்வினம் பெரும்பாலும் இரண்டு, சிலபோது மூன்று குட்டிகள் ஈனும். மடியில் காம்புகளோ இரண்டுதான். மூன்றாவது குட்டியைத் தனியே பிடித்துக் குடிக்கச் செய்யாவிடின் அது வலிய குட்டிகளால் ஒதுக்கப்பட்டு அன்றே மெலியும். தாயிடம் பால் போதாதாயின், அதே நாளில் ஈன்ற நோயற்ற வேறோர் ஆட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம். அதைக் காய்ச்சுதல் கூடாது. காய்ச்சினால் எதிர்ப்புப் பொருள்கள் அழியும். பாத்திரத்தை வெந்நீரில் வைத்து உடற்சூட்டிற்குக் கொணர்தல் போதும்.

சிறிய குட்டி விரைவில் குளிர்ந்துவிடும் காரணத்தை ஆசிரியர்கள் வகுப்பிலேயே விளக்கலாம். ஒரே வகையான பெரிய பாத்திரமொன்றிலும் சிறிய பாத்திரமொன்றிலும் ஒரே சூடுள்ள நீரை ஊற்றி, பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து பார்க்கச் செய்க. எடை குறையக் குறைய, எடைக்கு ஒப்பான மேற்பரப்பு மிகுகிறது என்பதை மாணவர் தாமே காண்பர். குட்டியின் உடல் வெப்பம் சுமார் 39 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வாயினுள் விரலிட்டால் சில்லென்றிருக்கும் குட்டியை உலர்த்தி, துணியில் சுற்றி, வெந்நீர்ப் புட்டியருகே வைத்துச் சூடேற்றுதல் முதற்கடமை. தலையைத் தூக்க இயலாத குட்டியின் வாயில் பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குச் சென்றுவிடும்.

நஞ்சுக்கொடி பெரும்பாலும் ஆறு மணி நேரத்திற்குள் விழும். 12 மணி நேரமாகியும் விழாவிடின் மருத்துவரிடம் கூறுக. அதைக் கையால் இழுப்பதும், செருப்பையோ கல்லையோ அதில் கட்டித் தொங்கவிடுவதும் கருப்பையைப் புண்ணாக்கும். ஆக்ஸிடோசின் ஊசி போடுவதும் மருத்துவரின் பொறுப்பேயாகும்.

ஈன்ற தாய்க்கு மிகுந்த தாகம் உண்டு. வெதுவெதுப்பான நீரை வேண்டுமட்டும் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்கள் தவிடும் பசுந்தழையும் போதும்; தானியத்தைப் பின்னர்ப் படிப்படியாக உயர்த்துக. இரண்டு மூன்று வாரங்கள் வரை சிவந்த கசிவு இருத்தல் இயல்பு. கசிவில் துர்நாற்றம், தீவன மறுப்பு, மடியில் சூடும் வீக்கமும், பாலில் திரிகள் ஆகியவை நோயின் குறிகள். ஈன்ற ஆடு நடுங்கித் தள்ளாடிப் படுத்துவிட்டால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம், காலந்தாழ்த்தலாகாது.

கன்றுவீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸ், நோயுற்ற ஆட்டின் கொடியிலிருந்தும் கசிவிலிருந்தும் மனிதர்க்குத் தொற்றி நீண்ட காய்ச்சலை உண்டாக்கும். ஆகையால் கையுறையின்றி இவற்றைத் தொடலாகாது. கொடியை நாய்க்கு எறியாமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். கருவுற்ற பெண்களும் பள்ளிச் சிறுவரும் இப்பணியில் ஈடுபடலாகாது. ஒரே கிராமத்தில் அடுத்தடுத்துச் சில ஆடுகள் குறைமாதத்தில் குட்டி வீசினால், அச்செய்தியை அன்றே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவித்தல் களப்பணியாளரின் கடமை.