ஜெர்மானியச் சர்வகலாசாலைகளில் கட்டணம் செலுத்தும் முறை

ஜெர்மனியில் கல்வி இலவசம் என்று கேள்விப்பட்டுப் புறப்படும் நம் மாணவர்கள், அங்குள்ள அரசாங்கச் சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவை போதனைக் கட்டணம் வாங்குவதில்லை என்பது மெய்யேயாயினும், பருவந்தோறும் 'செமஸ்டர்பைட்ராக்' என்னும் தொகையொன்று உண்டென்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். விடுதிகளையும் உணவுச்சாலைகளையும் நடத்தும் மாணவர் சேவை ஸ்தாபனத்திற்கும், மாணவர் சங்கத்திற்கும், பல ஊர்களில் பிரயாணச் சீட்டிற்குமாகச் சேரும் இத்தொகை, ஏறக்குறைய 100 முதல் 400 யூரோ வரை ஊருக்கு ஊர் வேறுபடும்.

ஆகவே, விண்ணப்பிக்கும் முன்பே இடத்தின் விதியை விசாரித்தறிக. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருவோரிடம், 2017ஆம் ஆண்டின் குளிர்காலப் பருவம் முதல், பருவத்திற்கு 1,500 யூரோ போதனைக் கட்டணம் வசூலிக்கிறது. மியூனிக் தொழில்நுட்பச் சர்வகலாசாலையோ, 2024 முதல் முதுநிலையில் புதிதாகச் சேரும் அத்தகையோருக்குப் பருவத்திற்கு 4,000 யூரோவும் அதற்கு மேலும் நிர்ணயித்திருக்கிறது. கட்டண விலக்குகளும் உண்டு. கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்து, விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போடும் பணத்தை (2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ) முதற்பருவக் கட்டணத்திற்கு நம்பியிருத்தல் ஆகாது; அது ஜெர்மனி சென்று நடைமுறைக் கணக்குத் திறந்த பின்னரே, மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். கட்டணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

இனிப் பணம் அனுப்பும் கட்டம். பிழைகள் மலிவது இங்கேதான். அனுமதிக் கடிதத்திலுள்ள, டிஇ என்று தொடங்கி 22 எழுத்தும் எண்ணுமாக நீளும் ஐபான் என்னும் வங்கிக் கணக்கெண்ணை இருமுறை ஒத்துப் பாருங்கள். செலுத்தும் காரணத்தை எழுதும் கட்டத்தில், கடிதம் குறித்துள்ளபடியே மாணவர் எண்ணையும் பெயரையும் எழுதுக. தந்தையார் கணக்கிலிருந்து செல்லும் பணம் எந்தப் பிள்ளைக்குரியது என்பதை அவ்வொரு வரியைக் கொண்டே அலுவலகம் அறிகிறது. இந்தியாவிலிருந்து அனுப்புவோர், எல்லாச் செலவும் அனுப்புவோரையே சாரும் என்று வங்கியில் குறிப்பிட வேண்டும். இல்லையேல் இடைவங்கி பிடித்துக்கொண்டது போகக் குறைந்த தொகை சேர்ந்து, பதிவு தடைப்படக் கூடும்.

பல சர்வகலாசாலைகளில் அடுத்த பருவத்திற்கு உரிய காலத்தில் பணம் செலுத்துவதே மறுபதிவாகும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பருவம் தொடங்குமாயினும் கெடு அதற்கு வெகுமுன்னரே முடியும். தவறினால் அபராதமும், பின்னர் பெயர் நீக்கமும், அதன் வழியே வசிக்கும் அனுமதிக்கே ஆபத்தும் நேரும். கையில் பணமில்லையெனில், கெடு கழியுமுன் மாணவர் சேவை ஸ்தாபனத்தின் ஆலோசகரிடமோ, கிறிஸ்தவ மாணவர் திருச்சபைகளிடமோ சென்று நிலைமையைச் சொல்லுங்கள். அவசரக் கடனும் உதவிநிதியும் பல ஊர்களில் அவர்களிடம் உண்டு.