பழைய புல்லட்: ஒரிஜினல் பாகங்கள் பத்திரம்!

1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் தயாரித்த பழைய புல்லட்டுகள், கும்மிடிப்பூண்டி பக்கம் இன்னும் தடதடக்கின்றன. கிடைக்காத பாகங்களைக் காக்க:

1. சாவியைத் திருப்பி, கிக்கர் இறுகும்வரை மிதியுங்கள். டீகம்ப்ரஸரைப் பிடித்தபடி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல அழுத்துங்கள். கையை எடுத்து, கிக்கர் மேலே வந்ததும் முழுதாக ஓர் உதை. அவசரப்பட்டால் வண்டி திருப்பி உதைக்கும். கிக்கர் பல்சக்கரம் போகும், கணுக்காலும்தான்.

2. இங்கிலாந்து அளவு நட்டுகளுக்கு விட்வொர்த் ஸ்பேனரே போடுங்கள். மெட்ரிக் ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும்.

3. தினசரி ஓட்டத்துக்கு மாற்றுக் கார்புரேட்டர் மாட்டுங்கள். ஒரிஜினலை எண்ணெய்த் துணியில் சுற்றிவையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து உட்புறத்தை அரிக்கும்.

4. பழவேற்காடு போய்வந்தால் குரோமை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்புக்காற்று துருவைக் கூட்டிவரும்.