துபாய்க்குக் குடும்பத்தோடு போறீங்களா? பெட்டி கட்டும்போதே கவனம் வேணும்

கணவர் துபாயில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறார். இப்போது சம்பளம் கூடி, குடும்ப விசாவும் கிடைத்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் பெட்டி கட்டும் வேலை நடக்கிறது. மருமகள் துணிகளை அடுக்க, மாமியார் ஒரு பொட்டலத்தை நீட்டுகிறார். "குருமாவுக்குக் கொஞ்சம் கசகசா வச்சிருக்கேம்மா. அங்க கிடைக்காதாமே."

கிடைக்காது என்பது உண்மைதான். ஏன் கிடைக்காது என்று யாரும் கேட்கவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதால் அங்கே போதைப்பொருள் சட்டம் அதன் மேல் பாய்கிறது. நம்ம ஊர் மளிகைக் கடையில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே என்று விமான நிலையத்தில் சொல்லிப் பயனில்லை. ஒரு கைப்பிடிதான், சமையலுக்குத்தான் என்பதும் எடுபடாது. (முந்திரியும் தேங்காயும் கூட்டி அரைத்தாலே குருமா கெட்டியாக வரும்.)

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் இப்படிப் பெட்டி கட்டும் வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய. திருட்டு, அடிதடி எல்லாம் எந்த நாட்டிலும் குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டில் சாதாரணமாகச் செய்கிற காரியம் இன்னொரு நாட்டில் குற்றமாக இருக்கும்போதுதான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. அப்படிச் சிலவற்றைப் பார்ப்போம்.

மருந்துப் பை

கசகசாவுக்கு அடுத்து பெட்டியில் கவனிக்க வேண்டியது மருந்து. டிரமடால் உள்ள வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை ஆகியவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டாக்டர் எழுதித் தந்திருந்தாலும், அந்நாட்டு அரசின் மின்சேவையில் முன்அனுமதி வாங்கிய பிறகே கொண்டுபோக வேண்டும். அட்டையில் கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. ஆனாலும் மருந்துச் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துப் போங்கள்.

"எங்க பையன் அங்கதான் இருக்கான், இந்த ஒரு பார்சலை மட்டும் கொடுத்துடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் வருவார். முகத்துக்காக வாங்கிக்கொள்ள வேண்டாம். உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கையில் இருக்கும் போன்

என்னைக் கேட்டால், கசகசாவைவிடப் பெரிய ஆபத்து இதுதான். கசகசா பெட்டியில் ஒரு தடவை போகும். போன் தினமும் கையில் இருக்கிறது.

வதந்தி, இணையக் குற்றங்கள் தொடர்பாக அமீரகம் 2021-ல் 34-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பிறருடைய அந்தரங்கத்தில் தலையிடும் நோக்கில் அனுமதியில்லாமல் அவரைப் படம் எடுப்பதும், அதைப் பரப்புவதும் இதன்படி குற்றம். குறைந்தது 6 மாதச் சிறை, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதம், இரண்டில் ஒன்றோ இரண்டுமோ விதிக்கலாம். கீழ்வரம்பே நம் பணத்தில் முப்பது லட்சம் ரூபாயைத் தாண்டும். கடற்கரையில் பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது பின்னால் வேறு குடும்பம் நிற்கிறதா என்று பாருங்கள். ரோட்டில் விபத்து நடந்தால் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அதை அந்தச் சட்டம் தனியாகவே குறிப்பிடுகிறது.

வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டுவதும் அதே சட்டத்தில் வருகிறது. வாடகைத் தகராறில் வீட்டு உரிமையாளருக்கு ஆத்திரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாலும் புகார் ஆகலாம். இணையம் வழியாக இழிவுபடுத்தினால் 2,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதமும் சிறையும் உண்டு. அனுப்பிய மெசேஜ் அப்படியே சாட்சியாக நிற்கும்.

அடுத்தது, மனசு கேட்காமல் செய்கிற ஒரு காரியம். ஊரில் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன். "எல்லாரும் நூறு திர்ஹாம் போடுங்க" என்று அபார்ட்மென்ட் குரூப்பில் ஒருவர் எழுதுகிறார். நம்ம ஊரில் இதைப் புண்ணியம் என்போம். அங்கே 2021-ஆம் ஆண்டின் நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அனுமதி பெற்ற அமைப்புகளைத் தவிர யாரும் பொதுமக்களிடம் நிதி திரட்டக் கூடாது. தனிநபர் திரட்டினால் தண்டனை உண்டு. கோயில் கொடைக்கு வசூல் செய்வதும் இதே கதைதான். உதவ நினைத்தால் உங்கள் கணக்கிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு நேராக அனுப்புங்கள், குரூப்பில் வசூலுக்கு அழைக்காதீர்கள்.

ஊரில் இருக்கும் பாட்டிக்கும் ஒன்று சொல்லி வைக்க வேண்டும். அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், பொதுவாக கால் போகாது. பாட்டிம், ஜூம், டீம்ஸ் போன்ற அனுமதிக்கப்பட்ட செயலிகளில் பேசலாம். "விபிஎன் போட்டுக்கோ, எல்லாம் வரும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் இருக்கிறது. ஒரு வீடியோ காலுக்காக அந்த வம்பில் போய் நிற்க வேண்டுமா? பாட்டி போனில் புது செயலியை ஏற்றி, இரண்டு தடவை பேசிப் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளைகள்

10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை காரின் முன்சீட்டில் உட்காரவைக்கக் கூடாது. 4 வயது வரை குழந்தை இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்வதெல்லாம் நடக்காது. கண்ட இடத்தில் ரோட்டைக் கடந்தால் 400 திர்ஹாம். பால்கனியில் வெளியே தெரியும்படி துணி காயப்போடுவதையும் துபாய் மாநகராட்சி அனுமதிப்பதில்லை.

"அடிச்சு வளர்த்தாத்தான் பிள்ளை உருப்படும்" என்ற பேச்சை அங்கே மறந்துவிடுங்கள். வதீமா சட்டம் என்று அழைக்கப்படும் 2016-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைச் சட்டம் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கும் பொருந்தும். பிள்ளையின் உடம்பில் தழும்பு கண்டால் தகவல் சொல்வது ஆசிரியரின் சட்டப்படியான கடமை. டீச்சர் மேல் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அங்கே போய்க் குழந்தை பிறந்தால் இரண்டு கெடு இருக்கிறது. பிறந்த 120 நாட்களுக்குள் குழந்தைக்குக் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும். அதற்கு முன் பிறப்புச் சான்று, இந்திய பாஸ்போர்ட் இரண்டும் வர வேண்டும். ஆகவே மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். அடுத்து, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பிறப்பைப் பதிய வேண்டும். தவறினால் இந்தியக் குடியுரிமைக்கு மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இந்தப் பதிவும் முடிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்று வேண்டும். கல்யாணப் பத்திரிகையோ மண்டப ரசீதோ போதாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்றாலும், விசா வேலை வரும்போதுதான் பலர் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தேடுகிறார்கள். அந்தச் சான்றுக்கு மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. சிங்கப்பூருக்கு அப்போஸ்டில் ஒன்றே போதும் என்று உறவினர் சொல்லியிருப்பார். அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

நம் பெயர் விஷயம் தனிப் பாடு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, திருமணச் சான்றில் இனிஷியல், பிள்ளையின் பிறப்புச் சான்றில் இரண்டும் இல்லை. அங்குள்ள அதிகாரிக்கு இவர்கள் மூன்று வேறு ஆட்கள். மாமியார் பிறகு வருகை விசாவில் வருவதாக இருந்தால், அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியா என்று இப்போதே பாருங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டை ஏற்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தியது. டிக்கெட் எடுக்குமுன் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

பேசத் தயங்கும் விஷயம்

குடும்பத் தலைவர் அங்கே இறந்துவிட்டால் அவருடைய வங்கிக் கணக்கு முடக்கப்படும். நீதிமன்ற உத்தரவு வரும்வரை மனைவியால் பணம் எடுக்க முடியாது. பள்ளிக் கட்டணம், வாடகை, ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் அந்த நாட்களில்தான் கழுத்தைப் பிடிக்கும். மனைவி பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, மூன்று மாதச் செலவையாவது அதில் வைத்திருப்பது நல்லது. 2023 பிப்ரவரி முதல் முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தனிக் குடும்பச் சட்டம் இருக்கிறது. உயில் இல்லாவிட்டால் சொத்தில் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக என்கிறது அது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரீஅத் அடிப்படையிலான பங்கீடு. எப்படியிருந்தாலும் உயில் எழுதி வைத்தால் அலைச்சல் குறையும்.

கிளம்புமுன் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். சான்றுகள் அனைத்தையும் ஸ்கேன் செய்து போனில் ஒரு பிரதி, ஊரில் நம்பிக்கையானவரிடம் ஒரு பிரதி வையுங்கள். அங்கு இறங்கியதும் புது சிம்மில் இரண்டு எண்களைச் சேமியுங்கள்: போலீஸ் 999, துபாயிலுள்ள இந்தியர் உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. கணவர் போனில் மட்டும் இருந்தால் போதாது, மனைவி போனிலும் இருக்கட்டும்.