கோல் பட்டியல் தயாரிக்கும் தம்பி, தங்கைகளுக்கு

விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம்தான் 'அதிக கோல் அடித்தவர்கள்' பட்டியலைத் தள்ளிவிடுவார்கள். எண்ணத் தெரிந்தால் போதும் என்று நினைப்பு. ஹேண்ட்பாலில் அது நடக்காது. ஒரு மணி நேர ஆட்டத்தில் ஓர் அணியே முப்பது கோல் போடுகிற விளையாட்டு இது. வெறும் எண்ணிக்கையை நம்பினால் தவறான ஆளைத் தலைப்பில் ஏற்றிவிடுவீர்கள்.

1. முதலில் 7 மீட்டர் கோல்களைப் பிரியுங்கள். கோல் போடும் தெளிவான வாய்ப்பை எதிரணி முறைகேடாகக் கெடுத்தால் 7 மீட்டர் வீச்சு கிடைக்கும். எதிரே கோல்கீப்பர் மட்டும். பெரும்பாலான அணிகளில் இதற்கென்று ஓரிருவர் இருப்பார்கள். ஆறு மீட்டர் கோட்டருகே இரண்டு தடுப்பாளர்களிடம் சிக்கி, சட்டை இழுபட்டுக் கீழே விழுந்தவர் வேறு ஆள். எழுந்து வந்து கோல் கணக்கில் பெயர் போட்டுக்கொள்பவர் வேறு ஆள். சமைத்தவர் ஒருவர், பரிமாறியவர் ஒருவர். பரிமாறுவதும் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கட்டத்தில் கொட்டாதீர்கள்.

2. எத்தனை முறை எறிந்தார் என்பதையும் எழுதுங்கள். ஒருவர் 9 எறிந்து 8 கோல், இன்னொருவர் 17 எறிந்து 9 கோல் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் இரண்டாமவர் மேலே இருப்பார். தவறிய அந்த எட்டுப் பந்துகளும் எதிரணியின் வேகத் தாக்குதலுக்கு விருந்தாக வாய்ப்பு உண்டு. பயிற்சியாளரைக் கேட்டால் யாரைச் சொல்வார்?

3. 92 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 2009இல் குரோஷியாவில் நடந்த ஆண்கள் உலகச் சாம்பியன் போட்டியில் மாசிடோனியாவின் கிரில் லஸரோவ் அடித்த கோல்கள் அவை. அதற்கு முன்பு சாதனை தென்கொரியாவின் யூன் கியுங் ஷின் பெயரில் இருந்தது; 1995இல் 86 கோல். லஸரோவின் அணி அந்த ஆண்டு அரையிறுதிக்குக்கூட வரவில்லை, கோப்பை பிரான்ஸுக்குப் போனது. "சின்ன அணி, எல்லாப் பந்தும் அவருக்கே வரும், 92 ஆகாமல் என்ன செய்யும்?" என்று பேசுகிறவர்கள் உண்டு. பாதிதான் சரி. பந்து அவரிடம்தான் வரும் என்பது எதிரணிக்கும் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவரைக் குறிவைத்தே தடுப்பு அமைத்தார்கள். அதையும் மீறி அடித்தார். 2017இல், 36 வயதில், 50 கோலுடன் மறுபடியும் முதலிடம் பிடித்தார். அவரைக் குறைத்து எழுதினால் நான் அடித்துவிடுவேன்.

4. அதிக கோல் அடித்தவரும் சிறந்த வீரரும் ஒருவரேதான் என்று முடிவுகட்டாதீர்கள். 2017 பெண்கள் உலகச் சாம்பியன் போட்டியில் 66 கோல் அடித்து முதலிடம் வந்தவர் நார்வேயின் நோரா மெர்க். போட்டியின் சிறந்த வீராங்கனை விருதோ அதே அணியின் நடு ஆட்டக்காரர் ஸ்டீனே ஓஃப்டெடாலுக்குப் போனது. தடுப்பைக் குலைத்து, அடுத்தவர் கைக்குச் சரியான நொடியில் பந்தைச் சேர்ப்பவர் அவர். இறுதியில் பிரான்ஸ் 23-21 என்று வென்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2015 ஆண்கள் போட்டியில் ஸ்லோவேனியாவின் டிராகன் காயிச் 71 கோல் அடித்தார். சிறந்த வீரர் விருது வாங்கியவர் தியரி ஓமெயர், பிரான்ஸின் கோல்கீப்பர்!

5. 2016 விதி மாற்றத்துக்குப் பிறகு கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஏழாவது தாக்குதல்காரரை இறக்குவது சுலபமாகிவிட்டது. பந்து பறிபோனால், ஆளில்லாக் கோலுக்குள் எதிரணி பாதி மைதானத்திலிருந்தே எறிந்துவிடும். அதுவும் கோல்தான், ஆனால் அதை வைத்து யாரையும் புகழ வேண்டாம்.

6. ஒலிம்பிக்கையும் உலகச் சாம்பியன் போட்டியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஒலிம்பிக்கில் இறுதிவரை போனால் எட்டு ஆட்டம், 2025 உலகச் சாம்பியன் போட்டியில் ஒன்பது. டென்மார்க்கின் மத்தியாஸ் கிட்செல் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 62, அடுத்த ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியில் 74. ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் முறையே 7.75, 8.2.

7. கிட்செலின் ஆட்டத்தைப் பந்தைத் தொடராமல் பாருங்கள். இடக்கைக்காரர், வலது பின்களத்தில் நிற்பார். இந்த விளையாட்டின் மலைபோன்ற ஆட்களுக்கு நடுவே ஒல்லியான உடம்பு. பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதே இரண்டு தடுப்பாளர்களுக்கு இடையிலுள்ள சந்தைப் பார்த்து ஓடத் தொடங்கிவிடுவார். பந்து கைக்கு வரும்போது தடுப்பாளரின் பாரம் தவறான காலில் இருக்கும், அவ்வளவுதான். டென்மார்க்குக்கு 7 மீட்டர் வீச்சை வழக்கமாக எடுப்பது வேறு ஆட்கள் என்பதால், அந்த 74இன் கனம் கூடுகிறது. அந்தப் போட்டியில் கோல் பட்டியலிலும் சிறந்த வீரர் விருதிலும் அவரே முதல். கோப்பையும் அவருடைய அணிக்கே, தொடர்ந்து நான்காவது முறையாக. என் கணக்கில் இது லஸரோவின் 92ஐவிடப் பெரிது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

8. அடுத்த ஆண்கள் உலகச் சாம்பியன் போட்டி 2027 ஜனவரியில், ஜெர்மனியில். பட்டியலை என் மேசைக்குக் கொண்டுவருமுன் 7 மீட்டர் கட்டத்தை நிரப்பிவிடுங்கள்; காலியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.