குழி சரி, கதை தப்பு: மெய்டன் காசில் அகழாய்வு

இங்கிலாந்தில் டார்செட் பகுதியில், டார்செஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற குன்று மெய்டன் காசில். பேர்தான் காசில், கல்லால கட்டின கோட்டை எதுவும் கிடையாது. உச்சியைச் சுற்றி அடுக்கடுக்காக மண் கரையும் அகழியும்தான். உள்ளே மட்டும் சுமார் 19 ஹெக்டேர் இடம். இரும்புக் கால மக்கள் ஜேசிபி இல்லாமல் செய்த எர்த்வொர்க் இது!

1934 முதல் 1937 வரை இங்கே தோண்டியவர்கள் மார்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸா வீலரும். டெஸ்ஸா 1936-லேயே இறந்துவிட்டார். இன்னைக்கு வீலர் பேரை மட்டும் சொல்வது நியாயமில்லைன்னு நினைக்கிறேன்.

அவங்க முறை சிவில் பசங்களுக்கு உடனே புரியும். இடத்தைச் சதுரங்களாகப் பிரித்து, குழிக்கும் குழிக்கும் நடுவில் ஒரு மண் சுவரை வெட்டாமல் விட்டுடுவாங்க. அந்தச் சுவரின் முகத்தில் மண்ணடுக்குகள் வரிசையாகத் தெரியும். கலைக்கப்படாத மண்ணில் கீழ் அடுக்கு பழசு, மேல் அடுக்கு புதுசு. ஒவ்வொரு பானை ஓட்டையும் எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்துக்கொண்டே இறங்கணும். கரையைக் குறுக்கே வெட்டினால் எத்தனை தடவை மண் கொட்டி உயர்த்தினாங்க என்பதும் தெரியும். கோட்டைக்கு அடியில் அதைவிட 3,000 வருஷம் பழைய புதிய கற்கால அகழி இருப்பது இப்படித்தான் வெளியே வந்தது. கீழடி போட்டோக்களில் பார்க்கிற சதுரக் குழிகளும் இதே முறைதான். 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த வீலர், அடுத்த வருஷம் அரிக்கமேட்டில் தோண்டினார்.

இப்போ கதைக்கு வருவோம். கிழக்கு வாசலில் நிறைய எலும்புக்கூடுகள் கிடைத்தன, பல மண்டை ஓடுகளில் வெட்டுக் காயம். ஒருத்தர் முதுகெலும்பில் இரும்பு முனையே குத்தி நின்றது. கி.பி. 43-ல் ரோமானியப் படை நடத்திய படுகொலை, பிழைத்தவர்கள் அவசரமாகப் புதைத்த இடம் என்று வீலர் எழுதினார். சினிமா மாதிரி இருந்ததால் பாடப்புத்தகம் வரைக்கும் போயிடுச்சு.

ஆனா சில குழிகளில் பானையும் உணவும் வைத்துப் புதைத்திருந்தாங்க. அவசரத்தில் யார் அப்படிச் செய்வாங்க? 1985-86-ல் மறுபடி தோண்டிய நியால் ஷார்ப்பிள்ஸ் அந்தக் கதையைச் சந்தேகித்தார். 2025-ல் போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலும்புகளுக்கு ரேடியோகார்பன் கணிப்பு வெளியிட்டாங்க. சாவுகள் ஒரே நாளில் நடக்கவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம் வரை, சில தலைமுறைகளாகப் பரவியிருக்கு. உள்ளூர்க்காரங்களே ஒருத்தரை ஒருத்தர் கொன்றிருக்கலாம்.

வீலர் தோண்டினப்போ ரேடியோகார்பன் முறையே கிடையாது. எந்த எலும்பு எந்தக் குழியில் இருந்தது என்று அவங்க குறித்து வைத்ததால்தான் 90 வருஷம் கழித்து அவர் சொன்னதையே சோதிக்க முடிந்தது.